நோயாளிக்கு ஒருசந்தி இல்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது லூர்து அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"ஏடி மேரி, வாற புதன்கிழமை விபூதி. போன வருசம் மாதிரி பாப்பா இந்த வருசமும் நாப்பது நாளும் ஒருசந்தி இருக்காள்ல? மறைக்கல்விக்கு வர்ற புள்ளைகள்ட்ட சொல்லி வச்சிருக்கேன். அவ போட்டோ ஒண்ணு அனுப்பி வையி."

கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றேன். கோபம் வந்தது. அக்கா மேல் பாதி, என் மேல் பாதி.

லூர்து என் கூடப் பிறந்த அக்கா. தங்கச்சிமடத்தில் இருக்கிறாள், ஞாயிறு தோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறாள். நான் நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் அந்தோணி கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். வந்து பதினோரு வருடம் ஆகிறது. பாப்பா என்று அக்கா சொன்னது எங்கள் ஒரே மகள் அன்சியை. பதினாறு வயது.

கமுதியிலோ முதுகுளத்தூரிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒருசந்தி என்றால் தெரியாமல் இருக்கலாம். விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் எங்களுக்குத் தவக்காலம். அந்த நாட்களில் ஒரே ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவதுதான் ஒருசந்தி. இப்போது சபை இரண்டு நாளுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எங்கள் கரையில் பக்தி உள்ளவர்கள் நாற்பதும் இருப்பார்கள்.

அன்சி இனி ஒரு வேளை தவறினாலும் போன வருடம் விழுந்த குழிக்கே திரும்பப் போய்விடுவாள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாற்பது நாள் என்றால் பிள்ளை எனக்கு மிஞ்ச மாட்டாள். அக்காவுக்கு அப்போது இது தெரியாது. தெரியாததற்குக் காரணம் நான். "பாப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சொகமில்ல" என்று சொல்லி மூடி வைத்திருந்தேன். ஊரில் சிலருக்கு லேசாகத் தெரிந்ததையும் அமுக்கி வைத்தேன்.

இனி மூடப் போவதில்லை. எழுதட்டுமா என்று அன்சியிடம் கேட்டேன். "பேர மாத்துங்க, விஷயத்த மாத்தாதீங்க" என்றாள். இதில் வரும் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டேன். பெயர்கள் மாறியிருக்கின்றன. விஷயம் மாறவில்லை.

2

போன வருடம் விபூதிக்கு முந்தின நாள், "அம்மா, இந்தத் தடவ நான் ஒருசந்தி இருக்கப் போறேன், ஃபுல்லா, நாப்பது நாளும்" என்றாள் அன்சி. தமிழில் சொன்னாள். அதில்தான் நாங்கள் விழுந்தோம்.

ஐந்து வயதில் இங்கே வந்தவள். பத்து வயதுக்குள் அவள் தமிழ் தேய்ந்து, பசிக்குது, தூக்கம் வருது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். கோயிலுக்கு வருவதும் நின்றுபோயிருந்தது. கூப்பிட்டால் கதவுக்கு உள்ளிருந்து ஒரு "ம்ம்" வரும், ஆள் வராது. அப்படிப்பட்ட பிள்ளை, கேட்காமலே வந்து ஒருசந்தி என்றது. அந்தோணி குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அழுதிருக்கிறார்.

நான் சும்மா இருந்தேனா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "மாதா புள்ள", "வெளிநாட்டுல இருந்தும் மறக்காத புள்ள" என்று வந்து குவிந்தது. அக்கா தன் மறைக்கல்வி வகுப்பில் அன்சியைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டாகச் சொன்னாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. பிரியாணி செய்தேன். அன்சி தொடவில்லை. செத்துப்போன தாத்தாவின் ஆத்துமாவுக்காக இன்னும் சில நாள் என்றாள். பிறகு மே மாதம் மாதாவுக்கு என்றாள். பிறகு பரீட்சைக்கு. காலண்டரில் புனிதர்களுக்கா பஞ்சம், ஒவ்வொருவருக்கும் ஒருநாள் இருந்தாள். ஆனால் எங்களுக்கு மட்டும் விதவிதமாகச் சமைத்துப் போடுவாள். நண்டுக் குழம்பை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வைத்தாள், நாங்கள் தின்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தோம். ஜூன் மாத வெயிலில் இரண்டு ஸ்வெட்டர் போட்டாள். தலைமுடி கொத்தாகக் குளியலறை வடிகாலை அடைத்தது. தண்ணீர் மாறியதால் என்றேன். பதினோரு வருடமாக அதே தண்ணீர்தான்.

ஜூலையில் ஒருநாள் பேருந்துப் படியில் மயங்கி விழுந்தாள்.

3

அதற்கு முன்பே மே மாதத்தில் பள்ளிக்கூடத்து நர்ஸ் கடிதம் எழுதி, குடும்ப மருத்துவரைப் பார்த்திருந்தோம். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். "இது உங்கள் மதப் பழக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம். அவரும் மரியாதையாகத் தலையசைத்து, அப்படியே கணினியில் எழுதிக்கொண்டார். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் பள்ளியிலிருந்து போன விண்ணப்பமும் திரும்பி வந்தது. "பண்பாட்டுக் காரணம்" என்று அதில் ஒரு வரி இருந்ததாம்.

இதே அவர்கள் வீட்டுப் பிள்ளை இப்படி இளைத்திருந்தால் அன்றைக்கே கேள்வி கேட்டிருப்பார்கள். சாப்பிட விடாமல் மனதைப் பிடிக்கும் அந்த நோய் எங்களுக்கு வராது என்று அவர்களுக்கு எண்ணம். வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று நமக்கு எண்ணம். இங்கே பண்பாடு என்று ஒதுங்கினார்கள், அங்கே பக்தி என்று கும்பிட்டார்கள். நடுவில் என் பிள்ளை எலும்பானாள்.

மயங்கி விழுந்த பிறகு பெரிய மருத்துவமனை. எங்கள் நார்வேஜிய மொழி வேலை இடத்துக்குப் போதும், மகளின் உயிரைப் பேசுவதற்குப் போதாது. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர் என்று குரலில் தெரிந்தது. மருத்துவர் எப்போது தொடங்கியது என்று கேட்க, "விபூதிப் புதன்லருந்து ஒருசந்தி இருந்தா" என்றேன்.

"அம்மா, எந்தச் சந்தியிலை இருந்தவ?" என்று கேட்டார்.

அவர்கள் பேச்சில் சந்தி என்றால் தெருக்கள் கூடும் இடம். என் மகள் விபூதிப் புதனிலிருந்து ஏதோ முச்சந்தியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த மனிதர் புரிந்துகொண்டார். அதை மருத்துவரிடமும் சொல்லிவிட்டார். மருத்துவர் கவலையோடு, வீட்டைவிட்டு வெளியேறிவிட்டாளா என்று கேட்டார். அந்தோணிக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகிவிட்டது. பிறகு நான் விளக்க, "ஓ, உபவாசமோ! மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் சைவ சமயம்" என்றார்.

அவர் அதை ஒழுங்காகச் சொல்லிமுடித்ததும் மருத்துவர் எங்களை விட்டுவிட்டு அன்சியைப் பார்த்தார். "கடவுளுக்காகவா இருந்தாய்?" என்று அவளிடமே கேட்டார். அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"சாமிக்காக ஒரு நாளும் இல்லம்மா. ஒருசந்தின்னு சொன்னா நீங்க யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டீங்க. அதான்."

4

இது ஏன் வருகிறது என்று கேட்டேன். பல மாதம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த யாழ்ப்பாணத்து அய்யா குரலில்தான் பதில் வந்தது.

"காரணம் ஒண்டு எண்டு இல்லையம்மா. பிறப்பிலை கொஞ்சம் வரும், குடும்பத்திலை முன்னம் ஆருக்கேனும் இருந்திருக்கலாம். ஆளின்ரை குணம் கொஞ்சம். எல்லாம் சரியாச் செய்யோணும் எண்டு நிக்கிற பிள்ளையளுக்கு, மனப்பதற்றம் உள்ளவைக்குக் கூடுதலா வருமாம். பிறகு ஏதோ ஒண்டாலை சாப்பாடு குறையத் தொடங்கினா, அந்தப் பட்டினியே மூளையைப் பிடிச்சிடுமாம். அதுக்குப் பிறகு அவ நினைச்சாலும் விடேலாதாம்."

எல்லாம் சரியாகச் செய்யும் பிள்ளை. இங்கே அதற்கு 'ஃப்ளிங்க்' என்று ஒரு சொல். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஆசிரியை அன்சியை ஃப்ளிங்க் என்பார். கெட்டிக்காரி என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்கவே நான் கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போவேன். கெட்டிக்காரி பட்டினியிலும் கெட்டிக்காரியாக இருந்துவிட்டாள்.

ஒருசந்தி குற்றவாளியா என்றும் கேட்டேன். இல்லை என்றார்கள். கோடிப் பேர் நோன்பு இருக்கிறார்கள், எல்லாருக்கும் இது வருவதில்லை. அவளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட நோய், எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படாத உடுப்பைப் பார்த்து எடுத்து மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் உடற்பயிற்சி என்றோ, சைவச் சாப்பாடு என்றோ வந்திருக்கும்.

5

இந்த இடத்தில் ஊருக்கு நான் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. லேசாகத் தெரிந்தவர்கள் என்னிடம் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்கு ஓர் அட்சரமும் மறக்கவில்லை.

"பசிச்சா தானா திம்பா, விடுங்க" என்றார் அந்தோணியின் தம்பி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நானும் நம்பியவள்தான். இந்த நோயில் பசி இருக்கிறது, அதை மீறி ஒரு பயம் இருக்கிறது. ஒரு வாய் சோற்றைப் பார்த்துப் பாம்பைப் பார்த்ததுபோல் என் பிள்ளை நடுங்கினாள். நடிக்கிறாள் என்று ஒருதடவை தட்டை இழுத்து முன்னால் வைத்துக் கத்தினேன். அவள் நகத்தால் தன் கையையே கிழித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் கத்தியதில்லை.

"அழகா இருக்கணும்னு ஆச, சினிமா பாத்துக் கெடுதுக" என்றாள் ஒருத்தி. அழகுக்கு ஆசைப்படுகிறவள் தலைமுடி கொட்டுவதைப் பார்த்து அழுதுகொண்டே பட்டினி கிடப்பாளா?

"கொழுப்பு. வேளைக்குச் சோறு கெடைக்குதுல்ல, அதான்" என்றார்கள். பணக்கார வியாதி என்றார்கள். எங்கள் வீட்டில் என்ன பணம் கொட்டிக் கிடக்கிறது? ஏழைக்கும் வருகிறது, ஆண்பிள்ளைக்கும் வருகிறது, ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் வருகிறது. ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நல்ல திடகாத்திரமான ஒரு பையனைப் பார்த்தேன், யாருக்கோ துணைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிரும்." பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த வைத்தியம் சொன்னவருக்கு இதுவரை நான் பதில் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை, அவர் எண்ணைத் தடை செய்துவிட்டேன்.

புனிதர் ரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண் அனுப்பினார்கள். அதை மட்டும் வாங்கி அவள் நெற்றியில் பூசினேன், வேண்டினேன். அதோடு மருந்தும் கொடுத்தேன். மருந்து என்றால் நாளுக்கு ஆறு முறை சாப்பாடு, பக்கத்தில் நானோ அந்தோணியோ, அவள் தட்டை முடிக்கும்வரை. எத்தனை மாதம் என்று கேட்காதீர்கள். இன்னும் நடக்கிறது.

கடைசியாக வளர்ப்பு. "தாய் சரியில்ல." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பெற்றவர்கள் இதை உண்டாக்குவதில்லை, மீட்கிறவர்கள் பெற்றவர்கள்தான் என்று மருத்துவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கூண்டில் நான் ஏற மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஊருக்கு வந்தபோது சாயல்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு மாமா அன்சியைப் பார்த்து, "என்ன பாப்பா, நார்வேல உள்ள வெண்ணெயெல்லாம் நீயே தின்னு தீத்துட்டியா?" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு சிரிப்பால் யாருக்கும் இந்த நோய் வராது, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள் என்று அன்சிக்கு வரிசையாகத் தெரிகிறது. நான் மூன்றாவது.

6

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தோணியிடம், குழுவில் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "சொல்லு. நானும் பக்கத்துல உக்காந்துக்குறேன்" என்றார். போனைக் கையில் எடுத்துப் பேசினேன்.

"எல்லாருக்கும் மேரி பேசுறேன். போன வருசம் பாப்பா ஒருசந்தி இருக்கான்னு பெருமையாப் போட்டேன்ல, அது தப்பு. அவ இருந்தது ஒருசந்தி இல்ல, அது நோய். சாப்பிட விடாத நோய். மனசுல வர்றது, உசுர எடுக்குறது. இந்த வருசம் அவ ஒரு நாளும் இருக்க மாட்டா. யாரும் அவள இருக்கச் சொல்லவும் கூடாது, இருந்தாள்னு புகழவும் கூடாது. தின்னுட்டு வாந்தி எடுக்குறது, ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிறது, இதெல்லாமும் இந்த நோயோட சேர்ந்ததுதான். யாருக்கும் வரும். ஆளப் பாத்தாத் தெரியாது. நம்ம வீட்டுல யாருக்காவது இருந்தா வெக்கப்படாம டாக்டர்ட்ட போங்க. நோயாளிக்கு ஒருசந்தி இல்ல. இது நானாச் சொல்லல, மறைக்கல்வியிலயே உண்டு."

யாரோ ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டார். ஒருவர் வெளியேறினார். கால் மணி நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டி, ஒனக்குப் புத்தி இருக்கா? பொம்பளப் புள்ள பேர நீயே கெடுப்பியா? நாளைக்கு எவன் வந்து கேப்பான்?"

"கேக்காட்டிப் போறான். உசுரோட இருந்தா போதும்."

"மனசுல நோயாம். பைத்தியம்னு பேசுவாக."

"பேசட்டும்."

"எந்திரிச்சு நடக்குறா, பள்ளிக்கூடம் போறா. அவ என்ன நோயாளி? காச்சலா, கட்டியா? நோயாளிக்கு ஒருசந்தி இல்லன்னு நாந்தான் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறேன், எனக்கே நீ சொல்லிக் குடுக்குற. இத நோயின்னு யாருடி ஒத்துக்குவா?"

"நான் ஒத்துக்கிட்டேன்க்கா. அது போதும்."

அவள் வைத்துவிட்டாள். மறுநாள் பேசவில்லை. எங்களுக்குள் இப்படிப் பேசாமல் இருந்ததே கிடையாது.

7

புதன்கிழமை காலை ஏழரை மணி. அன்சியின் தட்டில் இரண்டு துண்டு ரொட்டி, பாலாடைக் கட்டி, வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். விபூதிப் புதன் காலையில் பதினெட்டு வயதிலிருந்து நான் எதையும் வாயில் வைத்ததில்லை. அன்றைக்கு அதே அளவு எனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்து எதிரே உட்கார்ந்தேன்.

அவள் என் தட்டைப் பார்த்தாள். "நீங்க நோயாளி இல்லையே?"

"நோயாளியோட அம்மா. எனக்கும் இல்ல."

"பாவம் இல்லையா?"

"அத நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன். நீ தின்னு."

முதல் துண்டு போனது. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அது வந்தால் அந்தத் துண்டு வாய்க்குப் போகாது. அப்போது போன் அடித்தது. அக்கா. ஊரில் மதியம் பன்னிரண்டு மணி. கையில் வெண்ணெய் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மேரி, வீட்ல யாரும் இல்ல. இப்பத்தான் சோறு தின்னேன்."

"ம்."

"நோயாளிக்கு ஒருசந்தி இல்லன்னு சொன்னியே."

"ஆமா."

"தின்ன கையோட கொல்லைக்குப் போயி வாந்தி எடுக்குறவ நோயாளியா?"

"யாருக்கா அது?"

"நாந்தான்."

அக்கா நல்ல ஆகிருதி. கோயிலில் பாடல் குழுவில் அவள் குரல்தான் முதல் குரல். ஆளைப் பார்த்துத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, என் அக்காவைப் பார்த்துத் தெரியவில்லை.

"எப்பருந்துக்கா?"

"கல்யாணத்துக்கு முந்தியே. விட்டுப்போகும், திரும்ப வரும். அவர்கிட்ட அல்சர்ன்னு சொல்லி வச்சிருக்கேன். தவக்காலம் வந்தா எனக்கு நிம்மதிடி. ஒரு வேளதான, ஒரு தடவதான எடுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் கொல்லைக் கதவுகிட்டதான் நிக்கிறேன்."

அன்சி எதிரிலிருந்து எட்டி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பெரியம்மா, எத்தன மணிக்கு சாப்பிட்டீங்க?"

"பாப்பாவா? ஐயோ, நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

"கேட்டேன். எப்ப முடிச்சீங்க?"

"இப்பத்தான். பத்து நிமிசம் இருக்கும்."

"அப்ப இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கு. சாப்பிட்டா ஒரு மணி நேரம் தனியா போகக் கூடாது, எனக்கு இங்க அதான் ரூல். உள்ள வந்து உக்காருங்க. போன வைக்காதீங்க, என்கூட பேசுங்க."

"என்னத்தம்மா பேச?"

"தெரியல. நானும் இதச் சாப்பிடணும். எனக்கும் பிடிக்கல."

அந்தப் பக்கம் கதவுத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது, பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம். "சரி, உக்காந்துட்டேன்" என்றாள் அக்கா. அன்சி இரண்டாவது துண்டைக் கடித்தாள். மெல்லவே நேரமானது. விழுங்கிவிட்டு, வரும் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

நான் அந்தோணியின் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், முதியோர் இல்லத்துக்கு அடித்து இன்று தாமதமாக வருவேன் என்றேன். என்ன காரணம் என்று மேலாளர் கேட்டார். வீட்டில் இரண்டு நோயாளிகள் என்றேன்.